ஒரு கோப்பைத் தேநீர், ஒரு பொட்டலம் பெக்ஸ்

ஆஸ்திரேலியாவில் வயதானவர்களிடையே இன்றும் ஒரு சொலவடை புழங்குகிறது. யாராவது அலுத்துக்கொண்டால், ‘ஒரு கோப்பைத் தேநீர், ஒரு பெக்ஸ், கொஞ்ச நேரம் படுக்கை, எல்லாம் சரியாகிவிடும்’ என்பார்கள். பெக்ஸ் என்பது ஒரு தலைவலித் தூள். 1960களின் நடுவில் சிட்னியின் பிலிப் தெரு அரங்கில் ஜான் மெக்கெல்லர் இந்தச் சொற்களையே தலைப்பாக்கி ஓர் அங்கத நிகழ்ச்சியை மேடையேற்றினார். கூட்டம் வந்தது, சிரித்தது. தலைவலித் தூளை நம்பி நாளை ஓட்டும் புறநகர்க் குடும்பத்தலைவி என்ற உருவம் அதற்குள் எல்லாருக்கும் அவ்வளவு பழகிப்போயிருந்தது. அதே ஆண்டுகளில் மெல்பேர்ன் மருத்துவமனைகளுக்குச் சிறுநீரகம் செத்துப்போன நிலையில் நடுத்தர வயதுப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். சிரிப்புக்கும் அந்தச் சிறுநீரகங்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு பொட்டலம். அந்தப் பொட்டலத்தின் வரலாற்றைப் பெண்கள் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதன் உறவுக்காரர்கள் நம் தெருமுனைக் கடையிலும் இருக்கிறார்கள்.

முதலில் வலிக்கு வருவோம். ‘மைக்ரேன்’ என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தில் பாதி மண்டை என்று பொருள்படும் ‘ஹெமிக்ரானியா’. நாமும் ஒற்றைத் தலைவலி என்றுதான் சொல்கிறோம். இரண்டு மொழிகளும் வலி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. குமட்டல், வெளிச்சத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாமை, தாளிப்பு வாசனைக்கே வயிற்றைப் புரட்டுவது, சிலருக்குக் கண்முன் நெளியும் ஒளிக்கோடுகள் ஆகியவை சொல்லுக்குள் அடங்கவில்லை. ‘தலைவலி’ என்ற பாதிதான் காதில் விழுகிறது. தலைவலி யாருக்குத்தான் வராது என்ற பதிலும் கையோடு வந்துவிடுகிறது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று பழமொழி வைத்திருக்கும் சமூகம்தான் நாம். ஆனாலும் அந்தப் பழமொழியை அடுத்தவர் வலியை நம்புவதற்காக யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

குழந்தைப் பருவத்தில் ஆண், பெண் இரு பாலருக்கும் ஏறக்குறைய சமமாகவே வரும் நோய் இது. பூப்புக்குப் பிறகு கணக்கு மாறுகிறது. பெரியவர்களில் ஓர் ஆணுக்கு மூன்று பெண்கள் என்ற அளவில் ஒற்றைத் தலைவலி இருக்கிறது. மாதவிலக்குக்கு முன்பு ஈஸ்ட்ரோஜன் சரிவது பலருக்கு வலியைத் தூண்டுகிறது. இதை உடலியலாகப் பார்ப்பதற்கு முன்னால் மருத்துவம் இதைக் குணமாகப் பார்த்தது. 1937இல் நியூயார்க் மருத்துவர் ஹெரால்ட் வுல்ஃப் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கென்று ஓர் ஆளுமை இருப்பதாக எழுதினார். எதிலும் நேர்த்தி, லட்சியம், வளைந்து கொடுக்காத தன்மை. அவருக்கே ஒற்றைத் தலைவலி இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆணிடம் உழைப்பாளியின் அடையாளமாகத் தெரிந்த இந்தக் குணங்கள் பெண்ணிடம் வந்ததும் பெண்மையை ஏற்க மறுக்கும் மனக்கோளாறாக மாறிய கதையைச் சமூகவியலாளர் ஜோவானா கெம்ப்னர் 2014இல் வந்த தன் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அமெரிக்க எழுத்தாளர் ஜோன் டிடியன் 1968இல் தன் ஒற்றைத் தலைவலியைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். விண்ணப்பப் படிவங்களில் தலைவலி உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்றே பொய் எழுதிவந்ததை அதில் சொல்கிறார். வலியைவிட அதைப் பற்றிய வெட்கம்தான் அவரை அதிகம் மறைக்கவைத்தது.

இப்படி மறைத்துக்கொள்ள வேண்டிய வலிக்கு, யாரிடமும் விளக்கம் சொல்லாமல் வாங்கக்கூடிய மருந்து எவ்வளவு பெரிய வரம் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த மருந்துகள் பிறந்தது சாயப்பட்டறையின் பக்கத்தில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் நிலக்கரித் தாரிலிருந்து சாயம் செய்த நிறுவனங்கள் மிஞ்சிய வேதிப்பொருள்களுக்கு வேறு பயன் தேடின. பேயர் நிறுவனம் 1880களின் கடைசியில் அப்படிக் கொண்டுவந்ததுதான் ஃபெனாசெட்டின். காய்ச்சலையும் வலியையும் தணித்தது. 1899இல் ஆஸ்பிரின் வந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மன் மருந்து நின்றுபோனதும், 1915இல் மெல்பேர்னில் ஜார்ஜ் நிக்கலஸ் என்ற மருந்துக்கடைக்காரர் கூட்டாளியோடு சேர்ந்து ஆஸ்பிரினைத் தானே செய்தார். ‘ஆஸ்ப்ரோ’ பிறந்தது. கடைக்காரர்கள் இரண்டையும் கலந்து, கூடவே கஃபைனையும் சேர்த்தார்கள். ஆஸ்பிரின், ஃபெனாசெட்டின், கஃபைன் என்ற மூன்றின் முதலெழுத்துகளால் அதற்கு ஏபிசி என்று பெயர். பெக்ஸ், வின்சென்ட்ஸ் என்ற இரண்டு வணிகப் பெயர்கள் ஆஸ்திரேலியச் சந்தையைப் பிடித்தன. பெக்ஸில் ஆஸ்பிரினும் ஃபெனாசெட்டினும் ஆளுக்கு 42 விழுக்காடு. மீதியில் பெரும்பகுதி கஃபைன்.

தாளில் மடித்த தூள். தேநீரில் கலக்கலாம், நாக்கில் கொட்டித் தண்ணீர் குடிக்கலாம். மருந்துக்கடை வரை போக வேண்டியதில்லை. ரொட்டியும் பாலும் விற்கும் கடையிலேயே கிடைக்கும். தலைவலி, நரம்புத் தளர்ச்சி, சளிக்காய்ச்சல், மூட்டுவலி என்று எதற்கெடுத்தாலும் அதுவே மருந்து. பெண்கள் பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது.

விளம்பரங்கள் என்ன விற்றன என்பதைப் பார்க்க வேண்டும். இதற்கு அமெரிக்க உதாரணம் ஒன்று கைவசம் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் வந்த ஓர் அனாசின் தொலைக்காட்சி விளம்பரம். சமையலறையில் இளம் மனைவி. பக்கத்தில் அவள் அம்மா, உப்புக் கொஞ்சம் போடலாமே என்பதுபோல் ஏதோ சொல்கிறாள். மகள் வெடிக்கிறாள், நானே செய்துகொள்கிறேன் என்று. உடனே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆண்குரல் அவளைக் கண்டிக்கிறது: உனக்குத் தலைவலி, சரி, அதை ஏன் அவள்மேல் காட்டுகிறாய்? மாத்திரை விழுங்கிய பிறகு அவள் மறுபடியும் இனிய மகள். அந்த விளம்பரம் வலியைக் குறைப்பதாக வாக்களிக்கவில்லை என்றே சொல்வேன். சிடுசிடுப்பைக் குறைப்பதாக வாக்களித்தது. வலிக்கும் பெண்ணின் வலி அவளுடையது, அவளது சிடுசிடுப்பு குடும்பத்துடையது. குடும்பம் காசு கொடுத்தது இரண்டாவதற்கு.

பெக்ஸ் சொலவடையில் ‘கொஞ்ச நேரம் படுக்கை’ என்று ஒரு பகுதி வருகிறதே, அதைத்தான் நான் நம்பவில்லை. படுக்க நேரமிருந்தால் தூள் எதற்கு? ஒற்றைத் தலைவலிக்கு இருட்டறையும் உறக்கமும் நன்றாகவே உதவும். கைக்குழந்தையும் அடுப்பும் இருக்கும் வீட்டில் கிடைக்காதவை அவை இரண்டும்தான். வேலைக்குப் போன பெண்ணுக்கோ விடுப்பு எடுத்தால் கூலி போகும். அந்தக் கூலியும் முழுக்கூலி அல்ல: 1950இல் ஆஸ்திரேலியாவில் பெண்ணின் அடிப்படைக் கூலியை ஆணின் கூலியில் 75 விழுக்காடாக உயர்த்தினார்கள், அதற்கு முன்பு அதைவிடக் குறைவு. தூள் ஓய்வுக்குத் துணையாக வந்ததாகச் சொன்னார்கள். ஓய்வின் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

உட்கார்ந்தது எழுந்திருக்கவில்லை. அதற்குக் காரணம் கஃபைன். தினமும் கஃபைன் எடுக்கும் உடல், 12 முதல் 24 மணி நேரம் அது கிடைக்காவிட்டால் தலைவலியால் கேட்கும். ராத்திரி படுத்தவள் காலையில் எழும்போது வலியோடு எழுவாள். ஒரு பொட்டலம் போட்டதும் வலி விடும். மருந்து வேலை செய்கிறது என்று அவளுக்குத் தோன்றும், தோன்றுவதில் தவறில்லை. நேற்றைய மருந்தின் வலியை இன்றைய மருந்து தீர்க்கிறது என்பதைப் பொட்டலத்தின்மேல் யாரும் அச்சடிக்கவில்லை. மாதம் நாலு நாள் ஒற்றைத் தலைவலி வந்தவள் ஒவ்வொரு நாளும் தலைவலிக்காரியாக மாறினாள். நாளுக்கு ஒன்று, மூன்று, ஆறு, அதற்கும் மேல்.

1953இல் சுவிட்சர்லாந்தில் ஸ்பூலர், சொலிங்கர் என்ற இரு மருத்துவர்கள் வலிமாத்திரைகளை நெடுங்காலம் தின்றவர்களுக்குச் சிறுநீரகம் கெடுவதை எழுதினார்கள். அந்நாட்டின் கடிகாரத் தொழிற்சாலைகளில் நாள் முழுக்கக் கண்ணைச் சுருக்கி நுண்ணிய சக்கரங்களைக் கோத்த தொழிலாளர்களிடையே இந்தப் பழக்கம் பரவியிருந்தது. அங்கே பேர்போன மாத்திரை சாரிடான். ஆம், அதே சாரிடான். ரோஷ் நிறுவனம் 1930களில் சந்தைக்குக் கொண்டுவந்த அன்றைய கலவையில் ஃபெனாசெட்டின் இருந்தது. ஸ்வீடனில் ஹுஸ்க்வார்னா ஆலைத் தொழிலாளர்கள் ஒரு தலைவலித் தூளைப் பிறந்தநாள் பரிசாகக்கூடக் கொடுத்துக்கொண்டார்கள். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஆஸ்கிட் என்ற தூள். எங்கெல்லாம் இடைவிடாத உழைப்பு இருந்ததோ அங்கெல்லாம் ஒரு பொட்டலம் இருந்தது. ஸ்வீடனில் தின்றவர்களில் ஆண்கள் அதிகம். ஆஸ்திரேலியாவில் பெண்கள்.

மெல்பேர்னில் இதைக் கண்டுகொண்டவரும் ஒரு பெண். பிரிசில்லா கின்கெய்ட்-ஸ்மித் 1926இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர், அங்கேயே மருத்துவம் படித்தவர், லண்டனில் பயிற்சி பெற்றவர். ஆஸ்திரேலியரான கென்னத் ஃபேர்லியை மணந்து 1950களின் இறுதியில் மெல்பேர்ன் வந்தார். வந்த இடத்தில் மணமான பெண்ணுக்கு நிரந்தர வேலை கிடைப்பது கடினமாக இருந்தது. கூட்டரசுப் பணியில் மணமானதும் பெண் விலக வேண்டும் என்ற விதியே 1966 வரை நடைமுறையில் இருந்த நாடு அது. அவர் ஆய்வுப் பணியில் நுழைந்தார், சிறுநீரகத்தை எடுத்துக்கொண்டார். 1975இல் மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியர் ஆனார். பின்னாளில் உலக மருத்துவச் சங்கத்தின் முதல் பெண் தலைவரும் அவரே.

அவரிடம் வந்த பெண்களுக்கு ஒரே மாதிரியான சேதம் இருந்தது. சிறுநீரகத்தின் உட்புறத்தில், சிறுநீர் இறங்கும் இடத்தில், கூம்பு போன்ற முனைகள் உண்டு. அவை செத்து உதிர்ந்திருந்தன. உடல் நீரை மிச்சப்படுத்தச் சிறுநீரைச் செறிவாக்கும் இடம் அது. மருந்தின் எச்சமும் அங்கேதான் செறிகிறது. ஆஸ்பிரினோ அந்த இடத்தைக் காக்கும் ஏற்பாடுகளைத் தளர்த்துகிறது. வெயில் கடுமையான குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் இந்த நோய் மிகுந்திருந்தது. 1967இல் ‘லான்செட்’ இதழில் இந்தச் சேதம் எப்படி உண்டாகிறது என்று கின்கெய்ட்-ஸ்மித் எழுதினார். நிறுவனங்களின் பதில் கேட்க நன்றாகத்தான் இருந்தது: குற்றவாளி ஃபெனாசெட்டின் என்றால் அதை எடுத்துவிடுகிறோம். ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தும் விட்டார்கள். ஆனால் கின்கெய்ட்-ஸ்மித்தும் அவரோடு பணியாற்றிய ரஞ்சித் நன்ராவும் எலிகளில் செய்த சோதனைகள் ஆஸ்பிரினும் ஆஸ்பிரின் கலந்த கலவைகளும்கூட அந்த முனைகளைக் கொல்லும் என்று காட்டின. ஒரு பெயரை நீக்குவதால் தீரும் விஷயமாக அது இல்லை. கலவையையே கடையிலிருந்து எடுக்க வேண்டும் என்று அவர் விடாமல் பேசினார். 1979இல் கலவை வலிநிவாரணிகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்றானது. 1970களில் அந்நாட்டில் டயாலிசிஸுக்கு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வலிமாத்திரைதான் காரணமாக இருந்தது. தடைக்குப் பிறகு அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது.

இந்த வெற்றிக் கதையில் எனக்கு ஒரு சொல் உறுத்துகிறது. மருத்துவ இதழ்கள் அந்தப் பெண்களை வலிமாத்திரைத் ‘துஷ்பிரயோகிகள்’ என்ற பொருளில் எழுதின. கின்கெய்ட்-ஸ்மித்தின் 1967 கட்டுரைத் தலைப்பிலேயே ‘துஷ்பிரயோகம்’ இருக்கிறது. அவர்கள் பொய் சொல்கிறார்கள், எத்தனை பொட்டலம் என்று கேட்டால் மறைக்கிறார்கள், நரம்புத் தளர்ச்சிக்காரர்கள் என்ற குறிப்புகள் தொடர்ந்தன. மறைத்தார்கள்தான். டிடியன் படிவத்தில் மறைக்கவில்லையா? ரொட்டிக்கடையில் சட்டப்படி விற்ற பொருளை, பத்திரிகையில் சிபாரிசு செய்த பொருளை, சொன்ன காரணத்துக்காகவே வாங்கித் தின்றவர்களுக்கு அந்தப் பெயர். இருபது ஆண்டுகள் விளம்பரம் செய்தவர்களுக்கு எந்தப் பெயரும் இல்லை. வலி வந்தபோதும் அவள் குணம், சிறுநீரகம் போனபோதும் அவள் குணம். வுல்ஃபின் ‘ஆளுமை’ வேறு சட்டை போட்டுக்கொண்டு மறுபடி வந்ததாகவே இதைப் படிக்கிறேன்.

தூள் தின்ற பெண்களுடைய தலைவலி என்ன ஆனது என்ற கேள்விக்கு விடை கொஞ்சம் தாமதமாக வந்தது. 1980களில் தலைவலி மருத்துவர்கள், குறிப்பாக ஹூஸ்டனில் பணியாற்றிய கேரளத்துக்காரர் நினன் மேத்யூ போன்றோர், வலிமாத்திரையை அடிக்கடி எடுக்கும் ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு அந்த மாத்திரையாலேயே தினசரித் தலைவலி உண்டாவதை எழுதினார்கள். மாத்திரையை நிறுத்தினால் பலருக்குத் தினசரி வலி விலகிப் பழைய ஒற்றைத் தலைவலி மட்டும் மிஞ்சியது. இன்றைக்கு இதற்குத் தனிப் பெயரும் கணக்கும் உண்டு. பாரசிட்டமால், ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற தனி மருந்துகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கலவை மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் மருந்தே தலைவலியின் காரணமாகலாம். எண்ணுவது மாத்திரைகளை அல்ல, மாத்திரை போட்ட நாள்களை. இந்தத் தலைவலிக்காரர்களிலும் பெண்களே பெரும்பான்மை.

இதை எழுதுவதால் மாத்திரையே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வலி தொடங்கியதும் சரியான அளவில் எடுத்த ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ ஒற்றைத் தலைவலியைப் பலருக்கு உண்மையிலேயே நிறுத்துகிறது. வலியைப் பொறுத்துக்கொள்வதைப் பெண்ணின் அணிகலனாகப் பேசும் மரபுக்கு நான் ஆள் பிடிக்கவில்லை. 1998இல் அமெரிக்காவில் ஒற்றைத் தலைவலிக்கென்றே சீட்டின்றி வாங்கும் முதல் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது, எக்ஸெட்ரின் மைக்ரேன் என்ற பெயரில். அது பயன் தருவதைச் சோதனைகள் காட்டியிருந்தன. வேடிக்கை என்னவென்றால், 250 மில்லிகிராம் பாரசிட்டமால், 250 மில்லிகிராம் ஆஸ்பிரின், 65 மில்லிகிராம் கஃபைன் கொண்ட அதே கலவை ஏற்கெனவே வேறு அட்டையில் சாதாரணத் தலைவலிக்கு விற்றுக்கொண்டிருந்தது. அட்டைதான் புதிது. ஆனாலும் கடை அலமாரியில் ‘மைக்ரேன்’ என்ற பெயர் தனியாக நின்றது சின்ன விஷயமில்லை என்றும் படுகிறது. கலவையின் வடிவத்தைப் பாருங்கள்: பழைய ஏபிசிதான், நடுவிலிருந்த ஃபெனாசெட்டினின் நாற்காலியில் பாரசிட்டமால். உடலுக்குள் போனதும் ஃபெனாசெட்டினின் பெரும்பகுதி பாரசிட்டமாலாகத்தான் மாறுகிறது என்பதை 1940களின் இறுதியிலேயே கண்டிருந்தார்கள். தீங்கு குறைந்த பிள்ளை, ஆனால் அதே வீட்டுப் பிள்ளை.

சாரிடானும் அப்படித்தான் மாறியது. ஃபெனாசெட்டினை அமெரிக்கா 1983இல் சந்தையிலிருந்து நீக்கியது. இந்தியாவிலும் அது தடைசெய்யப்பட்ட மருந்து. இப்போது நம் கடைகளில் இருக்கும் சாரிடானில் 250 மில்லிகிராம் பாரசிட்டமால், 150 மில்லிகிராம் ப்ரோபிஃபெனசோன், 50 மில்லிகிராம் கஃபைன். 2018 செப்டம்பரில் மத்திய அரசு 328 கலவை மருந்துகளைத் தடைசெய்தபோது சாரிடானும் அதில் இருந்தது. சில நாளிலேயே உச்ச நீதிமன்றம் அதன் விற்பனைக்கு அனுமதி தந்தது. 1988க்கு முன்பிருந்தே தயாரிப்பில் உள்ள மருந்து என்ற வாதம் எடுபட்டது. அந்த நாள்களில் பத்திரிகைகள் பேசியதெல்லாம் நிறுவனங்களின் நட்டத்தையும் அரசின் அதிகாரத்தையும். அந்த மாத்திரையை யார் தின்கிறார்கள், மாதத்தில் எத்தனை நாள் தின்கிறார்கள் என்ற பேச்சு என் கண்ணில் படவில்லை.

நம் தெருவில் அது அட்டையாகக்கூட விற்பதில்லை. பெட்டிக்கடையில் ஒரு மாத்திரை கத்தரித்துத் தருவார்கள். கத்தரித்த துண்டில் பெயரின் பாதிதான் இருக்கும். என்னென்ன கலந்தது, எத்தனை நாளுக்கு மேல் கூடாது என்ற எழுத்தெல்லாம் கடைக்காரர் கையில் மிஞ்சும் அட்டையோடு போய்விடும். காப்பியோடு விழுங்கும் வழக்கமும் நமக்கு உண்டு, கஃபைனோடு கஃபைன். கட்டிட வேலைக்குப் போகும் அக்காவும் பனியன் கம்பெனியில் நிற்கும் தங்கையும் தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியையும் வாங்குவது ஒன்றேதான். மளிகைச் சீட்டில் மருந்து என்று எழுதாமல் சில்லறைச் செலவில் போகும் பொருள் அது. அதனால் மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கவும் வழியில்லை. நாள்காட்டித் தாளின் ஓரத்தில், மாத்திரை போட்ட நாளில் ஒரு புள்ளி வைத்தால் போதும். பத்தைத் தொடும் மாதம் தெரிந்துவிடும்.

தொட்டால் நிறுத்த வேண்டும், மருத்துவரிடம் சொல்லிவிட்டு. சாதாரண வலிமாத்திரைகளை நிறுத்தும்போது முதலில் தலைவலி கூடும், குமட்டும், தூக்கம் கெடும். ஒரு வாரம், பத்து நாள்கூட அப்படி இருக்கலாம். பிறகு பலருக்குக் குறைகிறது. அந்தப் பத்து நாளும் இருட்டறையில் படுத்திருக்க யார் விடுவார்கள், அடுப்பை யார் பார்ப்பார்கள், கூலியை யார் தருவார்கள் என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவுசெய்துகொள்ள வேண்டும்.